பாட்டின் பெயரையும் சொல்லுங்கள்

அமெரிக்கக் கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நிலையங்களில் ஒன்று பாடகர் ஷூட்டர் ஜென்னிங்ஸின் 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' பாட்டைப் போட்டது. அறிவிப்பாளர் "வெய்லன் ஜென்னிங்ஸின் மகன்" என்று ஆரம்பித்தார், புகழ்பெற்ற கன்ட்ரி பாடகரான அந்த வெய்லனைப் பற்றியே பேசினார், பாட்டு முடிந்ததும் விளம்பரத்துக்குப் போய்விட்டார். பாடியவர் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டு, சரி. முதல் தடவையாகக் கேட்டுப் பிடித்துப்போனவர் அதை எப்படித் தேடுவார்? வெய்லன் என்று தேடினால் வெய்லன்தானே வருவார்?

அந்தப் பாட்டு 2005-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் இருப்பது. அதற்கு முன் ஷூட்டர் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டார்கன் என்ற ராக் குழுவை நடத்தியவர். அதைக் கலைத்துவிட்டுத்தான் கன்ட்ரிக்கு வந்தார். ஆல்பத்தில் கிடார் லீராய் பவல், பேஸ் டெட் ரஸல் கேம்ப், டிரம்ஸ் பிரையன் கீலிங். தயாரித்தவர் டேவ் காப். பத்து வருடம் கழித்து கன்ட்ரி பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனின் முதல் தனி ஆல்பத்தைத் தயாரித்தாரே, அதே காப். இவர்கள் யாருமே உங்கள் அறிவிப்பில் வருவதில்லை. தன்னுடைய சொந்தக் குழுவோடுதான் பதிவு செய்வேன் என்று எழுபதுகளில் ரெக்கார்டு கம்பெனியோடு போராடியவர் வெய்லன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் மகனின் குழுவை மறைப்பது எனக்குத் தாங்கவில்லை.

வாரிசு என்றே சொல்வதானால் அம்மா எங்கே? 1975-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாடகி ஜெஸ்ஸி கோல்ட்டரின் மகனும்தான் ஷூட்டர். இத்தனை ஆண்டுகளில் ஒரு நிலையமாவது அப்படி அறிமுகப்படுத்தி நான் கேட்டதில்லை.

அறிவிப்பாளரை மட்டும் குறை சொல்லவில்லை. ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையங்களையும் வைத்துக்கொள்ள 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அப்புறம் எந்த ஊரில் திருப்பினாலும் அதே பத்துப் பதினைந்து பாட்டுகள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத அறிவிப்பாளருக்கு அதன்மேல் எப்படி அக்கறை வரும்? அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இன்று அவ்வளவு பெரிதாக எதையும் கேட்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பாட்டைப் போடும்போது பாடியவர் பெயரையும், பாட்டின் பெயரையும், ஆல்பத்தின் பெயரையும் தயவுசெய்து முதலில் சொல்லச் சொல்லுங்கள். நேரம் மிஞ்சினால் அப்பாவைப் பற்றிப் பேசட்டும். அம்மாவைப் பற்றியும்.

அன்புடன்,
உங்கள் நேயர்