பாய் உதறும் சத்தம்

மதுரை
10-11-2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். நேற்று ராத்திரிதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய். பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். எல்லாவற்றையும் அப்படிப் பேச முடியாது. அதனால்தான் தம்பியின் பழைய நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி வீட்டு விஷயத்தை அப்பா பார்த்துக்கொள்கிறார், நீ அதில் தலையிடாதே. சரி, குட்டி இப்போதாவது நேரத்துக்குத் தூங்குகிறானா?

தீபாவளி அன்று நீ வீடியோ காலில் வந்தபோது மணி பத்தே முக்கால். குட்டி கையில் மாப்பிள்ளையின் போன். இருட்டில் அவன் முகம் மட்டும் நீலமாகத் தெரிந்தது. "எங்க வீட்டு நைட் ஷிப்ட்காரன்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை, பாப்பா. எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டுமாம், உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதாம். ஒரு வயதுப் பிள்ளைக்கு டிவி, போன் எதையும் காட்டவே வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறதாம். வெளிச்சம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மூளை இன்னும் பகல்தான் என்று நினைத்துக்கொள்ளும், தூக்கத்துக்கான சுரப்பு சுரக்காது என்றாள். ராத்திரி ஆனால் விளக்கை அணை என்று நான் சொன்னால் உனக்குக் கிழவி பேச்சு. அவள் சொன்னால் கேட்பாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அங்கே வந்திருந்தபோது நீ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்ததைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேனே, அமெரிக்காக்காரனே வாயை மூடிக்கொண்டு கேட்டான். அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ராத்திரி ஒன்பதரைக்கு அந்த மீட்டிங். பிள்ளை அழக் கூடாது. அதனால் கையில் போன். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கும் ரெண்டு கை இருக்கிறது, ஒன்றால் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கலாம்.

உனக்கு நாங்கள் எப்படிப் பழக்கினோம் தெரியுமா? ஏழு மணிக்குக் குழைய வடித்த ரசம் சோறு. அப்புறம் அண்டாவில் விளாவி வைத்த வெந்நீர். இப்போது நர்ஸ் பெண் சொல்கிறாள், வெந்நீரில் குளித்து வந்ததும் உடம்புச் சூடு மெல்ல இறங்கும், அது இறங்கும்போதுதான் தூக்கம் வரும் என்று. அதெல்லாம் தெரிந்தா செய்தோம்? கால்விரல் இடுக்கு ஈரத்தைப் பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து, உள்ளங்காலில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, டியூப் லைட்டை அணைத்து ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டு, பாயை ரெண்டு தடவை உதறி விரிப்பது. கோரைப் பாய் "பட் பட்" என்று சத்தம் போடும். ஒரு மாதத்தில் நீ அந்தச் சத்தத்துக்கே கொட்டாவி விட ஆரம்பித்தாய். அப்புறம் அதே நரி, அதே கிணறு. கதையில் ஒரு வார்த்தை மாறினால் எழுந்து உட்கார்ந்து திருத்துவாய்.

எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே என்பது மட்டும் தினமும் மாறக் கூடாது. உன் வீட்டில் கட்டில் என்றால் போர்வையை உதறு. மத்தியானம் நாலு மணிக்கு மேல் தூங்க விடாதே. ஒரே நாளில் பதினொன்றிலிருந்து எட்டுக்கு இழுத்துவிட முடியாது, ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னே கொண்டு வா. காலையிலும் அவனை ஒரே நேரத்துக்கு எழுப்பு, பாவம் என்று விட்டுவிடாதே. நடு ராத்திரி அழுதால் லைட்டைப் போடாதே, இருட்டிலேயே முதுகைத் தட்டு. லைட்டைப் போடாதே. முதல் வாரம் கத்தித் தீர்ப்பான். கத்தட்டும். தூங்க வைக்கிறேன் என்று வேறு எதையும் கொடுத்துவிடாதே.

எழுதிவிட்டேன். இனி சுற்றி வளைத்துப் பயனில்லை.

அன்று வீடியோ காலில் நீ தண்ணீர் எடுக்கப் போனபோது போன் ஒரு நொடி ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பியது. மேலே ஒரு சிரப் பாட்டில், அதன் மேல் கவிழ்த்த அளவு மூடி. "குட்டிக்குச் சளியா?" என்று கேட்டேன். "இல்லையேம்மா, ஏன்?" என்றாய். சும்மா என்றேன். போன வாரம் வேறு, "இப்பல்லாம் மீட்டிங் டைம்ல தூங்கிடுறான்மா, ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்" என்றாய். என்ன வழி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் பேப்பரில் பார்த்திருப்பாய். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். நம் காஞ்சிபுரம் பக்கத்தில் தயாரான மருந்து. அதில் விஷம் கலந்திருந்தது, சிறுநீரகம் போய்விட்டது. உன் பாட்டில் அது இல்லை, தெரியும். ஆனால் அதற்கப்புறம் ரெண்டு வயதுக்குக் கீழே சளி இருமல் மருந்தே எழுதக் கூடாது என்று மத்திய அரசு டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள், லேபிளிலேயே இருக்க வேண்டுமாம். எடுத்துப் படித்துப் பார். சளிக்கே இப்படி என்றால், சளி இல்லாத பிள்ளைக்கு?

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேள், சொல்கிறேன்.

1995 தீபாவளி. அப்பாவுக்கு மில் கதவடைப்பு, நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. என்னிடம் நாற்பத்திரண்டு ஜாக்கெட் தைக்கக் கிடந்தது. பழக்கினோம் என்று மேலே எழுதினேன். பழக்கியது அப்பத்தா. அந்தப் பாய், அந்த எண்ணெய், அந்த நரி எல்லாம் அவர்தான். அந்தத் தீபாவளிக்கு அவர் சித்தப்பா வீட்டில் இருந்தார். ஏன் போனார் என்பது உனக்குத் தெரியும். நீ மிஷின் சத்தத்துக்கு விழித்து விழித்து அழுவாய். மெடிக்கல் கடையில் உன் சளிக்கு வாங்கியிருந்த மருந்தில் அரை ஸ்பூன் கொடுத்தேன். மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாய், ஆறு ஜாக்கெட் முடித்தேன். மறுநாளும் கொடுத்தேன். சளி போய்ப் பத்து நாள் ஆகியும் கொடுத்தேன். ஒரு நாள் அரை ஸ்பூன் முழு ஸ்பூன் ஆனது.

அன்று விடிந்து எட்டு மணிக்கு எழுப்பினேன், நீ எழவில்லை. தூக்கினேன், தலை பின்னால் தொங்கியது. வாயோரம் எச்சில். என் விரலில் ஊசி குத்திய ரத்தம் உன் சட்டையில் பட்டதுகூட எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தெருமுனை டாக்டரிடம் செருப்பில்லாமல் ஓடினேன். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். "சளிக்கு அரை ஸ்பூன்" என்றேன். டாக்டரிடமே ரெண்டு பொய். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் நீ கண்ணைத் திறந்து அப்பத்தாவைக் கேட்டாய். என்னை இல்லை.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, காய்ச்சல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் நானே போய் அப்பத்தாவைக் கூட்டி வந்தேன். எப்படித் தானாகப் போய்க் கூப்பிட்டாள் என்று நீங்கள் எல்லோரும் என்னைப் பெருமையாகப் பேசுவீர்களே, அதன் கதை இதுதான்.

நீ அப்படிக் கொடுத்திருக்கவே மாட்டாய், நான்தான் பாட்டிலைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றால் அம்மாவைத் திட்டிக்கொள். கொடுத்திருந்தால் நாளைக்கே குட்டியைக் குழந்தை டாக்டரிடம் காட்டு. எத்தனை நாள், எவ்வளவு என்று உள்ளதைச் சொல். என்னை மாதிரி அரை ஸ்பூன் என்று சொல்லாதே.

தை வரைக்கும் நான் வந்து இருக்கட்டுமா? அப்பா சமாளித்துக்கொள்வார். மீட்டிங் நேரத்துக்கு நான் அவனை வைத்துக்கொள்கிறேன். நரிக் கதை எனக்கும் ஓரளவு தெரியும்.

கூரியரில் என் பழைய நூல் சேலை ரெண்டு அனுப்பியிருக்கிறேன். அவன் கனத்துக்குத் தொட்டில் வேண்டாம், கட்டிலில் விரி. ஜீரோ வாட்ஸ் பல்பும் வைத்திருக்கிறேன், உடையாமல் வந்ததா என்று பார்.

கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போடாதே.

அம்மா