99.9 சதவீத ப்யூரிட்டியும் வெடித்த கைடுகளும்: உங்கள் சிர்கோனியா பவுடர் பற்றிய புகார்

பெறுநர்: விற்பனை மற்றும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

பொருள்: 3 மோல் சதவீத யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) பவுடர், கடைசியாக வந்த லாட்

வணக்கம்.

கோவையில் மில்களுக்கு செராமிக் நூல் கைடு செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. பல வருஷமாக உங்கள் பவுடரைத்தான் வாங்குகிறோம், பெரிதாகக் குறை சொன்னதில்லை. இந்த முறை வந்த டிரம்மைப் பிரித்து வழக்கம்போல அச்சில் அழுத்தி 1450 டிகிரியில் சுட்டால், ஃபர்னஸ் ஆறும்போதே தட்டிலிருந்து டிக் டிக்கென்று சத்தம். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் மயிரிழை விரிசல். முழுசாக வந்தவற்றிலும் நூல் ஓடும் வளைவில் நகத்தை வைத்து இழுத்தால் சொரசொரக்கிறது. இதை அனுப்பினால் மில்லில் நூல் பிசிறடிக்கும், அப்புறம் எங்களுக்கு ஆர்டர் ஏது?

உங்கள் ஆள் போனில் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தையே எழுத வைத்தது. "சர்டிஃபிகேட் பாருங்க சார், ப்யூரிட்டி 99.9 இருக்கு, உங்க ஃபர்னஸ்லதான் ஏதோ கோளாறு" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று மிச்சமிருந்த பழைய லாட்டில் செய்த கைடுகளையும் புது லாட்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டோம். பழையது வழவழவென்று வந்தது, புதுசு வெடித்தது. இன்னும் ஃபர்னஸ் மேலேயா பழி?

தெரிந்த கல்லூரி ஒன்றில் இரண்டுக்கும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரேயால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். 30.2 டிகிரி கோணத்தில் டெட்ரகோனல் பீக், அதாவது நமக்கு வேண்டிய படிக வடிவம், இரண்டிலும் இருக்கிறது. ஆனால் புது லாட்டில் அதன் இரு பக்கமும், 28.2-லும் 31.5-லும், வேண்டாத படிக வடிவமான மோனோகிளினிக்கின் பீக் நன்றாகத் தலைதூக்கி நிற்கிறது. பழையதில் அந்த இடம் தட்டை.

இதற்கும் ப்யூரிட்டிக்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்கே தெரியும். எதுவும் கலக்காத சிர்கோனியா 1170 டிகிரி வாக்கில் டெட்ரகோனலாகும், ஆறும்போது மோனோகிளினிக்காகத் திரும்பும், அப்போது கனஅளவு 4, 5 சதவீதம் உப்பி வெடிக்கும். அதைத் தடுக்கத்தானே யிட்ரியா? மொத்தக் கணக்கில் 3 மோல் இருந்தால் போதாது, துகளுக்குத் துகள் சமமாகப் போயிருக்க வேண்டும். கரைசலில் அமோனியா விட்டுப் பவுடரைப் படியவைக்கும்போது சிர்கோனியம் அமிலப் பக்கத்திலேயே வீழ்படிந்துவிடும், யிட்ரியம் பிஎச் நன்றாக ஏறிய பிறகுதான் வரும், அமோனியாவை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் தனித்தனியாகத்தான் படியும். எங்கள் சந்தேகம் அங்கேதான். பவுடரில் எடுத்த எக்ஸ்ஆர்டியைக் காட்டியும் தப்பிக்க வேண்டாம். படிகம் 30 நானோமீட்டருக்குள் இருந்தால் யிட்ரியாவே இல்லாமல்கூட டெட்ரகோனலாக நிற்கும், சுட்டுப் படிகம் வளர்ந்ததும் சாயம் வெளுத்துவிடும்.

பிரான்ஸில் செய்த சிர்கோனியா இடுப்பு மூட்டுப் பந்துகள் உடைந்து 2001-ல் திரும்பப் பெறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். டனல் ஃபர்னஸுக்கு (துண்டுகள் நகர்ந்தபடியே சுடப்படும் நீள ஃபர்னஸ்) மாறிய பிறகு சுட்ட லாட்டுகளில்தான் அந்தத் தொல்லை. எங்கள் கைடு உடைந்தால் யாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் செய்முறையை மாற்றினால் வாங்குகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதே கிரேடு பெயர், அதே சர்டிஃபிகேட், தேதி மட்டும் புதுசு!

இந்த லாட்டில் என்ன மாற்றினீர்கள் என்று எழுத்தில் வேண்டும். அமோனியா விட்ட விதம், கடைசி பிஎச், கழுவியது, கால்சினேஷன் (பவுடரையே சுட்டெடுக்கும் படி) சூடு, நேரம் எல்லாம். ரகசியம் என்றால் ரெசிபியைத் தர வேண்டாம், பழைய லாட்டிலிருந்து எது மாறியது என்று மட்டும் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு லாட்டோடும், உங்களிடமே சுட்டு எடுத்த ஒரு துண்டின் எக்ஸ்ஆர்டியும் வர வேண்டும். அது இல்லாத டிரம்மை இறக்க மாட்டோம்.

பில் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். மீதிப் பவுடர் டிரம்மோடு அப்படியே இருக்கிறது, வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு மாற்றுச் சரக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் பில்லை ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், கோவை