மரநடைக் குழு ஆண்டறிக்கை 2024: வேலிமரங்களைத் தேடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன்–நார்மல் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு 4 முறை கூடியது. நடைகள் 9. ஜூலையில் ஒரு நடை இடிமழையால் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை ஒன்றுதான். நம்மைச் சுற்றியுள்ள மக்காச்சோள, சோயா வயல்களின் ஓரங்களில் நிற்கும் ஓசேஜ் ஆரஞ்சு மரவரிசைகளைப் பார்த்து எழுதி வைப்பது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பானகம் குடித்துவிட்டு 22 பேர் கிளம்பினோம். அந்த நேரத்தில் இந்த மரத்தில் இலை இருக்காது, மற்ற மரங்களைவிடத் தாமதமாகத்தான் தளிர்விடும். ஆனாலும் அடையாளம் காண்பது கடினமாக இல்லை. பட்டையின் வெடிப்புகளில் தெரியும் ஆரஞ்சு நிறம், கிளைக் கணுவில் நிற்கும் ஒற்றை முள், அடியில் போன வருடத்துக் காய்கள் அழுகிக் கறுத்துக் கிடக்கும் குவியல், இந்த மூன்றும் போதும். காரில் போனவர்களில் ஒருவருக்கு நான்காவது அடையாளமும் கிடைத்தது: முள் டயரில் ஏறிவிட்டது. அன்று முதல் வண்டிகளைச் சாலையோரச் சரளையில் நிறுத்திவிட்டு நடந்தே போகிறோம்.

இந்த மரத்தின் சொந்த மண் இல்லினாய் அல்ல. ரெட் ரிவர் ஆற்றைச் சுற்றி, டெக்சஸின் வடபகுதி, ஓக்லஹோமாவின் தென்பகுதி, ஆர்கன்சாவின் தென்மேற்கு மூலை, அவ்வளவுதான் அதன் இயற்கை எல்லை. இன்று அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் உள்ள 48 மாநிலங்களிலும், கனடாவின் ஒண்டாரியோவிலும், கடல் கடந்து ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா, இத்தாலி வரையிலும் நிற்கிறது. மனிதக் கைகள் கொண்டுபோனதால்தான் இவ்வளவு தூரம். அதில் முதல் கை ஓசேஜ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடையது என்பதை நம் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். வில் செய்ய இதற்கு இணையான கட்டை இல்லை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பிரெஞ்சு வணிகர்கள் இதை 'புவா தார்க்', அதாவது வில்மரம் என்று அழைத்ததும் அதனால்தான். டெக்சஸில் அது 'போடார்க்' ஆகிவிட்டது. 1810 வாக்கில் மிசூரி ஆற்றின் வழியே பயணம் செய்த தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அரிக்கரா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் இந்தக் கட்டையில் செய்த ஒரு வில்லின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்திருக்கிறார். மரம் வளரும் இடத்திலிருந்து அரிக்கரா ஊர்கள் எத்தனை தொலைவு என்று வரைபடத்தில் பார்த்தால்தான் அந்த விலையின் பொருள் புரிகிறது.

1804 மார்ச் 26 அன்று மெரிவெதர் லூயிஸ் அமெரிக்காவின் மேற்கை ஆராயும் தம் பெரும்பயணத்துக்குப் புறப்படும் முன் செயின்ட் லூயிஸிலிருந்து ஜனாதிபதி ஜெபர்சனுக்கு இந்த மரத்தின் குச்சிகளை அனுப்பினார். அவை பியேர் ஷூட்டோ என்ற வணிகரின் தோட்டத்தில் வெட்டியவை. ஷூட்டோவுக்கு மரம் வந்தது ஓசேஜ் மக்களிடமிருந்து. செயின்ட் லூயிஸ் நமக்கு இரண்டரை மணி நேரப் பயணம். அதாவது 220 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரம் தன் எல்லையைக் கடந்து நம் வாசல் பக்கம் வந்துவிட்டது.

விடுமுறைப் பயணங்களில் உறுப்பினர்கள் கொண்டுவந்த குறிப்புகளையும் பதிவேட்டில் சேர்த்தோம். வர்ஜீனியாவின் ரெட் ஹில், அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பேட்ரிக் ஹென்றி கடைசியாக வாழ்ந்து 1799இல் மறைந்த வீடு. அங்கே நிற்கும் ஓசேஜ் ஆரஞ்சுதான் நாட்டிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. சுமார் 60 அடி உயரம்தான், ஆனால் கிளைகள் சுமார் 85 அடிக்குப் பரந்திருக்கின்றன. போய்வந்த நம் உறுப்பினர் அனுப்பிய படத்தில், முறுக்கிக்கொண்டு எழும் அடிமரத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் விரல் அளவுக்குத் தெரிகிறார்கள். அந்த மரத்துக்கு 300 வயதுக்கு மேல் என்று சிலர் மதிப்பிடுகிறார்கள். அது சரியானால் லூயிஸின் குச்சிகளுக்கு வெகுகாலம் முன்பே யாரோ அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். வயது பற்றி ஒருமித்த கருத்து இல்லாததால் பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டோம். கென்டக்கியின் ஹாரட்ஸ்பர்க் கோட்டைப் பூங்கா மரத்தின் குறிப்பும் வந்துள்ளது.

நம் பகுதிக்கு வருகிறேன். இங்கே இந்த மரம் அழகுக்கோ வில்லுக்கோ நடப்படவில்லை, வேலிக்காக நடப்பட்டது. பிரேரி எனப்படும் இந்தப் புல்வெளியில் மரமே அரிது. பிளந்து அடுக்கி வேலி போடக் கட்டை வேண்டுமென்றால் வெகுதூரத்திலிருந்து வர வேண்டும், விலை கட்டாது. வேலி இல்லாமல் பயிரைக் காப்பாற்ற முடியாது. ஜாக்சன்வில்லில் உள்ள இல்லினாய் கல்லூரிப் பேராசிரியர் ஜொனாதன் பால்ட்வின் டர்னர் பல செடிகளை நட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஓசேஜ் ஆரஞ்சைத் தேர்ந்தார். 1840களில் அதைப் பரப்பினார். குதிரை தாண்டாத உயரம், காளை முட்டி உடைக்காத வலு, பன்றி நுழையாத நெருக்கம் என்பதுதான் நல்ல வேலிக்கு அன்று சொன்ன இலக்கணம். நெருக்கமாக நட்டு, வளர வளர வெட்டி, கிளைகளைப் பின்னிவிட்டால் நான்கைந்து ஆண்டுகளில் அப்படி ஒரு வேலி எழும்பிவிடும்.

ஜூன் மாதம் ஜாக்சன்வில் போய் அந்தக் கல்லூரி வளாகத்தில் உட்கார்ந்து பேசியபோது, காங்கயத்துக்காரரான நம் துணைத்தலைவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். "இது நம்ம ஊர் உயிர்வேலிங்க. மாடு மேயற கொறங்காட்டைச் சுத்திக் கிளுவை நட்டு வெச்சிருப்பாங்க. எங்க தாத்தா வருசா வருசம் வெட்டி விடுவாரு. எங்கப்பா காலத்துல கம்பிவேலி வந்துச்சு, அப்பறம் வெட்ட ஆள் இல்ல." இங்கும் நடந்தது அதேதான். இதே இல்லினாயின் டீகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் 1874 நவம்பர் 24இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். இந்த வட்டாரத்திலேயே உயிர்வேலியும் வளர்ந்தது, அதை ஓய்வுக்கு அனுப்பிய கம்பியும் பிறந்தது. கம்பி வந்தபின் வேலியை வெட்டிவிடுவோர் குறைந்தார்கள். வெட்டாத செடிகள் முப்பது நாற்பது அடி மரங்களாயின. அந்தக் கம்பியைத் தாங்கிய கம்பங்களும் இதே மரத்திலிருந்தே வந்தன. வைரம் பாய்ந்த இந்தக் கட்டையைக் கரையானும் பூஞ்சையும் எளிதில் தொடுவதில்லை. மண்ணில் நட்ட கம்பம் ஐம்பது ஆண்டு தாங்கும். 1934 முதல் 1942 வரை ரூஸ்வெல்ட் அரசு புழுதிப்புயலைத் தடுக்க வடக்கு டகோட்டா முதல் டெக்சஸ் வரை காற்றுத்தடுப்பு வரிசைகளாக 22 கோடி மரங்களை நட்டபோது, இது மீண்டும் ஒருமுறை பயணம் போனது.

செப்டம்பர் 28 நடை பிள்ளைகளுக்கானது. காய் நிறைந்த பருவம். சாத்துக்குடியைவிடப் பெரிய, மூளை போல் மடிப்பு விழுந்த, பச்சை மஞ்சள் காய்கள். பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும், ஆகவே அன்றுதான் எந்த மரம் ஆண், எந்த மரம் பெண் என்று எங்களால் குறிக்க முடிந்தது. ஒரு காயைப் பிளந்ததும் பால் கொட்டியது. பண்ருட்டியில் பிறந்து வளர்ந்த பொருளாளரின் அம்மா, மரத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, "அடியே, இது பலா வகையறாடி! எண்ணெய் தடவாம தொட்டா கையெல்லாம் பிசினாயிடும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஓசேஜ் ஆரஞ்சுக்கும் ஆரஞ்சுக்கும் எந்த உறவும் இல்லை. பலா, ஆல், அத்தி, முசுக்கொட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம் இது. முசுக்கொட்டைக்கு நெருக்கம் என்பதால் ஐரோப்பாவில் பட்டுப்புழுவுக்கு இலையைப் போட்டுப் பார்த்தார்கள்; பட்டு நன்றாக வரவில்லை. பிள்ளைகள் அன்று எடுத்து வந்த காய்கள் அடுத்த வாரமே பல வீடுகளில் கொலுப் பூங்காவின் மலைகளாயின. 'வேலிக்காய்' என்று அவர்கள் வைத்த பெயரையே இனி நம் பதிவேட்டில் பயன்படுத்துவதாகச் செயற்குழு முடிவு செய்தது. அம்மா அக்டோபர் கடைசியில் ஊர் திரும்பினார். அவருக்கு நம் நன்றி.

சிலந்தியும் கரப்பானும் வராது என்று சந்தையில் இந்தக் காயை விற்கிறார்களே என்று பலர் கேட்டீர்கள். காயிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சில பொருள்கள் ஆய்வகத்தில் பூச்சிகளை விரட்டுவது உண்மை. முழுக் காயை மூலையில் வைப்பதால் அந்தப் பலன் கிடைக்காது. வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இனி சொல்வது எனக்குக் கஷ்டமான பகுதி. ஏப்ரலில் நாம் முதன்முதலாக அளந்த வரிசை, ஒரு பண்ணையின் மேற்கு எல்லையில் கால் மைல் நீளம் நின்றது, நவம்பர் 9 அன்று அங்கே இல்லை. அறுவடை முடிந்ததும் இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டார்கள். வேர்க்கட்டைகள் குவிந்து கிடந்தன; வெட்டுமுகம் அத்தனையும் மஞ்சள், மஞ்சள் அரைத்துப் பூசியது போல. நில உரிமையாளர் வந்து பேசினார். மரநிழலும் வேரும் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு வரிசைப் பயிரைக் கெடுக்கின்றன, முள் டிராக்டர் டயரைக் கெடுக்கிறது என்றார். அவர் நிலம், அவர் கணக்கு. நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வரிசை அங்கே நின்றதற்கு, ஏப்ரலில் நம் பிள்ளைகள் நாடா பிடித்து எழுதிய இரண்டு பக்கங்களைத் தவிர வேறு சான்று இன்று என் கையில் இல்லை. அந்த இரண்டு பக்கங்களை நான் வீட்டில் வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அவர் அனுமதியோடு இரண்டு சாக்குச் சிராய் எடுத்து வந்தோம். வேகவைத்து வடிகட்டி, படிகாரத்தில் ஊறவைத்த பருத்தித் துணியைப் போட்டதும் பொன் மஞ்சள் ஏறியது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையினரின் காக்கித் துணிக்கு இந்தச் சாயத்தைப் பயன்படுத்தினார்கள். கீழை நாடுகளில் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாக்கட்டையில் எடுத்த சாயமும் இதற்குச் சொந்தமே. இரண்டிலும் 'மோரின்' என்ற நிறப்பொருள் இருக்கிறது. இன்று மேடையில் விரித்திருக்கும் துணி அப்படிச் சாயமிட்டதுதான்.

டிசம்பர் செயற்குழுவில் நடந்த விவாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரு உறுப்பினர்கள் பதிவை நிறுத்தலாம் என்றார்கள். இல்லினாயின் சொந்தப் பிரேரியில் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, அதை விட்டுவிட்டு வெளியூர் மரத்துக்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, நான் அன்று உடனே பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். பிரேரியைக் கணக்கெடுக்க அமைப்புகள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது. இந்த மரம் 'சொந்த மரம்' பட்டியலிலும் இல்லை, ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலின் முன்வரிசையிலும் இல்லை. ஆகவே அதன் வரவையும் போக்கையும் எழுத ஆள் இல்லை. இந்த மாநிலத்தில் அழியும் நிலையிலுள்ள கீச்சான் பறவை ஒன்று இத்தகைய முள்வேலிகளில் கூடு கட்டி, பிடித்த இரையை முள்ளில் குத்தி வைக்கிறது. இரண்டு காலைகள் காத்திருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை. மேலும் 'சொந்த எல்லை' என்பதும் நாம் நினைப்பதுபோல் நிலையான கோடு அல்ல. டொராண்டோவில் பனிக்காலங்களுக்கு இடைப்பட்ட பழைய படிவுகளில் இதே மரத்தின் எச்சம் கிடைத்திருக்கிறது. ரெட் ரிவர் ஓரம் சுருங்கியது பின்னால் நடந்தது.

வாக்கெடுப்பில் 7க்கு 2 என்று பதிவைத் தொடர முடிவாயிற்று. எதிர்த்து வாக்களித்த இருவரும் அடுத்த ஆண்டு பிரேரி நடைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். அந்த நடைகளுக்கும் இதே அளவு ஆள் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025க்கான வேலை: மீதமுள்ள 5 வரிசைகளை அளப்பது, ஒவ்வொரு நில உரிமையாளரிடமும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறுவது, மரங்களை எடுப்பதானால் ஒரு வாரம் முன்பு சொல்லும்படி கேட்பது, பதிவேட்டின் ஒரு படியை ஊர் நூலகத்தில் வைப்பது. அளக்கும் நாடா இரண்டு வாங்க வேண்டும். தோல் கையுறை இல்லாமல் யாரும் வர வேண்டாம், குறிப்பாகச் சிறுவர்கள்.

ஓட்டுநர்களாக வந்தவர்களுக்கும், ஒவ்வொரு நடைக்கும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொடுத்த குடும்பங்களுக்கும், தங்கள் நிலத்தில் நடக்கவிட்ட விவசாயிகளுக்கும் குழுவின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்