அம்பாசிடர் ஃப்ளோர் கியர் கிட்: டிசைன் கோளாறு குறித்த புகார்

அனுப்புநர்
1977 மார்க் 3 அம்பாசிடர் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கிட் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஸ்டீயரிங் கியரை ஃப்ளோர் கியராக மாற்றும் கிட் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவரைத் தரைக்கு மாற்ற, தங்களிடம் ரூ.18,500-க்கு வாங்கிய ஃப்ளோர் கியர் கிட்டைக் காரிலிருந்து கழற்றிவிட்டோம். அதை வைத்துக்கொண்டு ரோட்டில் போவது ஆபத்து. தங்கள் விளக்கத்தாளில் உள்ளபடியே எல்லாம் பொருத்தப்பட்டது. கோளாறு டிசைனில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு: லீவரைத் தாங்கும் பிராக்கெட் கியர்பாக்ஸில் உட்காராமல் காரின் தரைத் தகட்டில் உட்காருகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டிங்கில் நிற்பவை. கிளட்சை விடும்போதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் அவை அசையும், தகடு அசையாது. இந்தக் காரில் 6 மி.மீ. அசைவு அளந்தோம். புது ரப்பர் போட்ட பிறகும் அது 4 மி.மீ.க்குக் கீழே வரவில்லை. நியூட்ரலிலிருந்து கியர் விழ, லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் தங்கள் ராடு 15 மி.மீ. நகர வேண்டும். அதில் இவ்வளவை எஞ்சின் அசைவே தின்றுவிட்டால், கியரைப் பூட்டிப் பிடிக்கும் டாக் பற்கள் பாதிதான் பற்றும். தங்கள் லீவர், அது திரும்பும் மையமான பிவட்டுக்கு மேலே 300 மி.மீ., கீழே 40 மி.மீ.; ஆகவே கீழே வரும் 6 மி.மீ. மேலே குமிழில் 45 மி.மீ. ஆகிறது. கிளட்சை விட்டதும் லீவர் தானாக முன்னும் பின்னும் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதன் விளைவு, இறக்கத்தில் காலை எடுத்ததும் மூன்றாவது கியர் நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கனமான காரில், மலை இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு திடீரென்று போனால் என்ன ஆகும் என்று தங்களுக்கே தெரியும். இன்னொன்றும் உண்டு. பாதி பற்றி ஓடிய டாக் பற்களின் முனை மழுங்கிவிட்டால், பழைய ஸ்டீயரிங் கியரைத் திரும்ப மாட்டினாலும் கியர் நழுவுவது நிற்காது. கெடுவது கிட் மட்டுமல்ல, கியர்பாக்ஸும்தான்.

"ஸ்டீயரிங் கியரும் பாடியில்தானே இருக்கிறது" என்று தங்கள் டெக்னிக்கல் பிரிவில் போனில் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அதன் ராடு நீளமானது. எஞ்சின் அசைந்தால் ராடு சற்றே சாய்ந்து அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். தங்கள் ராடு 20 செ.மீ.கூட இல்லை, அதுவும் முன்பின் அசைவுக்கு நேர்கோட்டில் கிடக்கிறது. அசைவு முழுக்க அப்படியே லீவருக்கு வருகிறது.

சரியான வழி புதிதல்ல. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். லீவர் ஹவுசிங்கை கியர்பாக்ஸோடு சேர்த்தே போல்ட் போட்டார்கள். பின்னாளில் இசுசு எஞ்சினோடு வந்த அம்பாசிடரிலும் ஐந்து ஸ்பீடு லீவர் கியர்பாக்ஸிலிருந்தே மேலே வருகிறது. எஞ்சின் ஆடினால் லீவரும் கூடவே ஆடும், இடையில் இழுபறி இல்லை.

அடுத்தது போல்ட். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழி வந்த இந்தக் கார் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. 5/16 அங்குல யு.என்.எஃப். (அங்குலக் கணக்கு த்ரெட்) துளைக்குத் தாங்கள் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் அனுப்பியிருக்கிறீர்கள். விட்டத்தில் வித்தியாசம் 0.06 மி.மீ.தான், அதனால் முதல் சுற்று ஏறிவிடும். த்ரெட் இடைவெளியோ துளையில் 1.06 மி.மீ., போல்ட்டில் 1.25 மி.மீ. இரண்டாம் சுற்றிலேயே இறுகும். அதற்கு மேல் ஸ்பேனர் வைத்துத் திருகினால் கியர்பாக்ஸ் பக்கத்து த்ரெட் அரைபட்டுப் போகும். பிறகு ஹெலிகாயில் (கெட்ட த்ரெட்டுக்குப் பதிலாகத் துளைக்குள் போடும் கம்பிச்சுருள்) போடத்தான் வேண்டும்.

ராடு செட்டிங் பற்றி விளக்கத்தாளில் "கியர் சுலபமாக விழும்வரை சரிசெய்யவும்" என்ற ஒரே வரி. லீவரை நியூட்ரலில் பூட்ட ஹவுசிங்கில் 6 மி.மீ. பின் துளை இருந்தால், பின்னைச் சொருகி, ராடின் முனையை இணைக்கும் கிளெவிஸ் பின் தானாக விழும் நீளத்துக்கு ராடைத் திருகி, லாக் நட்டை இறுக்கிவிடலாம். அந்தத் துளை இல்லாததால் ஒவ்வொரு மெக்கானிக்கும் உத்தேசமாக வைக்கிறார். தங்கள் டிசைனில் ரிவர்ஸ், முதல் கியருக்குப் பக்கத்துக் கேட்டில் (லீவர் நகரும் பாதையில்) இருக்கிறது. கையைத் தடுக்க ஸ்பிரிங்கும் இல்லை. அவசரத்தில் முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸ் விழுகிறது.

டனலில் (கியர்பாக்ஸுக்கு மேல் தரைத் தகடு மேடாக எழும் பகுதியில்) வெட்டச் சொன்ன 110 × 90 மி.மீ. துளையும் பின்னால் தள்ளிப்போய்விட்டது: பெஞ்ச் சீட்டை முன்னால் இழுத்தால் இரண்டாவது, நான்காவது கியரில் லீவர் மெத்தையில் இடிக்கிறது. ஒற்றை ரப்பர் உறைக்கு இறுக்கும் வளையம் தரவில்லை, மழைநீரும் புகையும் உள்ளே வருகின்றன.

கிட் விலையையும், டனலை வெல்டிங் செய்து மூடும் செலவையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 84-இன்படி, டிசைன் குறைபாட்டுக்கும் போதிய விளக்கம் தராததற்கும் பொறுப்பேற்கக் கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் மலைப்பாதையில் ஓட்ட வேண்டாம் என்று உடனே தெரிவியுங்கள். அதற்கு 15 நாள் காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், பிராக்கெட் மற்றும் அரைபட்ட த்ரெட்டின் புகைப்படங்கள்.