இரண்டாவது ரத்தத்தை எப்போது எடுப்பீர்கள்?

மாவட்ட மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் வணக்கம்.

என் அக்கா மகன் மூளைக்காய்ச்சலோடு வந்த கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் கண்ட 3ஆம் நாள் எடுத்த ரத்தத்தில், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தது. அப்புறம் ஏன் இரண்டாவது முறை எடுக்கவில்லை?

நோய் தொற்றியதும் உடல் முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். முதுகுத் தண்டு நீரில் கொஞ்சம் முன்னதாகவே தெரியும், ஆனால் வலிப்பு நிற்காத பிள்ளைக்கு அதை எடுக்க முடியாது என்றீர்கள், சரி, ஏற்றுக்கொண்டோம். 12ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினீர்களே, அப்போது ஒரு குழாய் ரத்தம் எடுத்திருக்கக் கூடாதா?

அக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கேட்டார். 'முடிவு வந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை' என்று முகப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் பையன் கரண்டியைப் பிடித்தால் கை நடுங்கி, சோறு வாய்க்குப் போகும் முன்பே பாதி மடியில் கொட்டுகிறது. அதைப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறான். ஒன்பது வயதுப் பிள்ளை. என்ன நோய் என்று அவன் கேட்டால் அக்கா என்ன சொல்வார்?

நம் மலேசியாவுக்கு இது புதிதல்ல. 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி புக்கிட் பெலாண்டோக் வரை போன காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள், சிலருடைய ரத்தமும் அப்படித்தான் காட்டியது. கொசு மருந்து அடித்தார்கள், ஊசி போட்டார்கள். அது கொசுவால் அல்ல, பன்றிகளிடமிருந்து தொற்றிய நிப்பா வைரஸ் என்று தெரிந்தது 1999 மார்ச்சில். 105 உயிர் போனது. ஒரே ஒரு முடிவை வைத்துக் கோப்பை மூடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? எங்கள் லயத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பற்றியும் இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்றால் இவ்வளவுதானா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டு இன்றோடு 19 நாள் ஆகிறது, இன்னும் காலம் கடந்துவிடவில்லை. தயவுசெய்து இரண்டாவது ரத்தத்தை எடுங்கள், டெங்கி எதிர்ப்பொருளும் இந்தச் சோதனையில் இதைப் போலவே காட்டிவிடலாம் என்பதால் அதையும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள், முடிவை அக்காவுக்குப் புரியும்படி தமிழிலோ மலாயிலோ சொல்லுங்கள். இந்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் போதும், பையனை நானே காரில் கூட்டி வருகிறேன்.