சவுத் ஹேவனுக்கு டிரிப் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ பக்கத்துல இருந்து கோடை லீவுக்கு ஆட்களைச் சேர்த்து மிச்சிகன் ஏரிக்கரையில இருக்கற எங்க சவுத் ஹேவன் ஊருக்கு கூட்டிட்டு வர்ற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும், முழுக்க சொல்லப் போறதில்ல. பீச்ல சிவப்புக் கொடி பறக்குது, அலை பியர் (கரையில இருந்து ஏரிக்குள்ள நீளமா போற மேடை) மேல ஏறி மறுபக்கம் வழியுது, அதுல ஒருத்தர் மூணு வயசு பிள்ளையைத் தோள்ல வெச்சுக்கிட்டு லைட்ஹவுஸ் முன்னாடி போட்டோவுக்கு நிக்கறார். நான் கரையில இருந்து தமிழ்லயே கத்தினேன். அடுத்த அலை முழங்கால்ல அடிச்சு ஆள் அப்படியே உட்கார்ந்துட்டார். பிள்ளையை விடல, சாமி புண்ணியம். பிள்ளையோட ஒரு செருப்பு மட்டும் தண்ணியில விழுந்துச்சு. அது கரைக்கு வரல. பியரை ஒட்டியே நேரா உள்ள போச்சு, பார்த்துட்டே நின்னேன், கொஞ்ச நேரத்துல காணோம். கரைக்கு வர்ற தண்ணி பியர்ல முட்டி அதை ஒட்டித்தாங்க திரும்ப ஏரிக்குள்ள ஓடும், நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளையும் இழுத்துட்டுப் போயிடும்.

கேட்டா "ஏரிதானேங்க"ன்னு சொன்னாங்க. நம்ம செம்பரம்பாக்கத்தை மனசுல வெச்சுக்கிட்டு மிச்சிகன் ஏரியைப் பார்க்காதீங்க. இது 58,000 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்துல 281 மீட்டர். நீங்க போட்டோ எடுக்கற அந்த சிவப்பு டவர் 1903ல கட்டினது, அதுக்குப் போற வழியில பியருக்கு மேல உயரமா ஒரு இரும்பு நடைபாதை இருக்கே, அது அழகுக்கு வெச்சதில்ல. புயல் நேரத்துல லைட்ஹவுஸ் விளக்கைப் பார்த்துக்கப் போற காவலர் பியர்ல நடந்தா அலை அடிச்சுட்டுப் போயிடும்னுதான் மேல போட்டாங்க. தினமும் அதே பியர்ல போய் வந்தவரே அப்படி பயந்தார், நாம காலையில வந்து சாயங்காலம் போறவங்க.

அதே 1903ல சிகாகோவுக்கும் இந்த ஊருக்கும் ஓட்டறதுக்குன்னே ஈஸ்ட்லேண்ட்னு ஒரு கப்பல் கட்டினாங்க. 1915 ஜூலை 24, சிகாகோ ஆத்துல கரையில கட்டி நிக்கும்போதே கவுந்து 844 பேர் போயிட்டாங்க. அவங்களும் பிக்னிக் கிளம்பினவங்கதான். கரை பக்கத்துல இருக்குன்னு தண்ணி விடாதுங்க.

சாப்பிட்டுட்டு பிரியாணி தட்டை மணல் மேட்டுப் புல்லுல சொருகிட்டுப் போறது, அடுத்தவங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தறது, அதெல்லாம் எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க என்கிட்டதான் கேக்கறாங்க. அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணு: சிவப்புக் கொடின்னா பியர்ல ஏறாதீங்க, தண்ணியில இறங்காதீங்க. ரெண்டு சிவப்புக் கொடின்னா தண்ணியையே மூடியாச்சுன்னு அர்த்தம்.

வாட்ஸப்ல டிரிப் மெசேஜ் போடும்போது, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு பஸ்னு எழுதறதுக்கு முன்னாடி முதல் வரியா இதை எழுதிடுங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு தடவை சத்தமா சொல்லிடுங்க. தயவு பண்ணி செய்யுங்க.