கைதட்டிப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குட்டி வாங்குவோருக்கு யோசனை சொல்பவர்கள் பலரும் கண் தெளிவாக உள்ளதா, குட்டி துறுதுறுவென்று ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். புள்ளிகள் கொண்ட வெள்ளை நாயான டால்மேஷியன் இனத்தின் முதன்மையான குறையாகிய காது கேளாமை இந்தப் பார்வைக்கு அகப்படாது என்பதை, அவ்வினத்து நாயைப் பதினோரு ஆண்டுகள் வளர்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

டால்மேஷியன் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கின்றன. புள்ளிகள் தெரிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். உடலை வெள்ளையாக்கும் அதே மரபுக்கூறு, சில குட்டிகளின் உட்செவியில் இருக்கவேண்டிய நிறமி உயிரணுக்களையும் இல்லாமல் செய்துவிடுகிறது. அவை இல்லாத செவியின் கேட்கும் திறன் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும்; பிறகு எந்தச் சிகிச்சையாலும் அதை மீட்க முடியாது. அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் ஏறக்குறைய 8 விழுக்காடு இரு செவியும், 22 விழுக்காடு ஒரு செவியும் கேளாதவை. நீலக் கண் உள்ளவற்றில் இக்குறை அதிகம். பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டு உள்ளவற்றில் குறைவு. அந்தத் திட்டையே அழகுக் குறையென்று கண்காட்சிகளில் ஒதுக்கி வந்திருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

எங்கள் நாய்க்கு இடது செவி கேளாது என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்தே தெரிந்தது. கூப்பிட்டவுடன் தலை தூக்கும். ஆனால் குரல் வந்த திசையை விட்டு வேறெங்கோ பார்க்கும். விற்றவர் எங்கள் கண்முன் கைதட்டிக் காட்டித்தான் கொடுத்தார். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன்; ஒரு செவி நன்றாக இருந்தாலே குட்டி திரும்பிப் பார்க்கும். இரு செவியும் கேளாத குட்டிகூட, ஒரே ஈற்றில் பிறந்த மற்றவை ஓடுவதைக் கண்டு தானும் ஓடிவரும். தரையின் அதிர்வை உணர்ந்து விழித்துக்கொள்ளும்.

ஆகவே, 'பேயர்' எனப்படும் செவிப் பரிசோதனை ஒன்றே நம்பத்தக்கது. குட்டிக்கு ஐந்து வாரம் ஆனபின், தலைத் தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே ஒலி எழுப்பி, மூளையிலிருந்து வரும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். தாய்க்கும் தந்தைக்கும் இது செய்யப்பட்டதா என்று கேட்பது குட்டியைப் பார்ப்பதற்கு முன்பே நடக்கவேண்டியது. இரண்டும் நன்கு கேட்பவையானாலும் குறையுள்ள குட்டி பிறக்கலாம், ஆனால் வாய்ப்பு குறையும். ஒரு செவி கேளாத நாய் வீட்டில் இயல்பாகவே வாழும். அதிலிருந்து குட்டி எடுப்பதுதான் தவறு.

சிறுநீர்க்கல் பற்றியும் ஒரு சொல். யூரிக் அமிலத்தை முறையாகச் சிதைக்க இயலாத தன்மை இவ்வினத்தில் ஏறக்குறைய எல்லா நாய்களுக்கும் உண்டு. அதனால் உண்டாகும் கல் சிறுநீர்ப்பாதையை அடைத்துக்கொள்ளும் அபாயம் ஆண் நாய்களுக்கு அதிகம். 1973-இல் பாயின்டர் இனத்தோடு ஒருமுறை கலந்து, அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் டால்மேஷியனோடு சேர்த்து, இக்குறை இல்லாத வழியொன்றை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் அதை ஏற்க 2011 வரை ஆயிற்று. அவ்வழிக் குட்டி கிடைக்காதவர்கள் ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியைத் தவிர்த்து, தண்ணீர் நிறையக் கொடுத்து, அடிக்கடி வெளியே அழைத்துச் செல்லவேண்டும்.

பரிசோதனை அறிக்கையைக் காட்டினால், இரு செவிகளின் முடிவும் தனித்தனியே உள்ளதா என்று பாருங்கள். அதிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) எண்ணும் கையிலிருக்கும் குட்டியின் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்